பெட்டியின் மேலுள்ள பெயர் போதாது: கொங்கு வட்டாரக் கணினி விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் மேசைக் கணினிகளைப் பொருத்தி விற்கும் கடை உரிமையாளர்களுக்கும், அவர்களிடம் பணிபுரியும் சர்வீஸ் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் அறை, அலுவலகம், பேக்கிங் பிரிவு ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பல ஆண்டுகளாக உங்களிடம் பொருள் வாங்குகிறவன் என்ற உரிமையிலும், உங்களில் பலரோடு கடை வாசலில் நின்று டீ குடித்தவன் என்ற நெருக்கத்திலும் இதை எழுதுகிறேன். குறை சொல்வதுபோல் தோன்றும் இடங்கள் இருக்கும். அந்தக் குறைகளில் பாதி என்னையும் சேரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரையும் கேட்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கழித்துக்கட்ட மனமில்லாத சிறு நிறுவனங்கள் இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுத் தரச்சொல்லி உங்களிடம்தான் வந்தன. நீங்களும் லினக்ஸின் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ போட்டுக் கொடுத்தீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கணினியில் செருகியிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பது எந்தச் சிப், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்களில் எதைப் போடப்போகிறோம், அந்த டிரைவரை இன்னும் எத்தனை ஆண்டுக்கு யார் பராமரிப்பார்கள் என்ற பேச்சு எந்தக் கடையிலும் நடந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் என்பது கணினியைப் பொருத்தி முடித்தபின் பார்த்துக்கொள்கிற கடைசி வேலை என்றே நாம் எல்லோரும் பழகிவிட்டோம். கார்டுக்குப் பில் போடும்போதே நிறுவனம் மூலநிரலை மூடிவைத்திருக்கும் தனியுரிம டிரைவரா, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல டிரைவரா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் டிசைன் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து கணினிகளுக்காக ஒரு கடையில் என்விடியா நிறுவனத்தின் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுகளை வாங்கினோம். கடையிலிருந்து வந்த தம்பி, விண்டோஸில் செய்து பழகிய வழியிலேயே, கார்டு நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய் ‘ரன்’ என்று முடியும் கோப்பை இறக்கி, அதை நேரடியாக நிறுவிவிட்டுப் போனார். மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை கணினிகள் தாமாகவே, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பை இறக்கி வைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு இயக்கியபோது ஐந்து திரைகளிலும் இடது மேல் மூலையில் ஒரு சிறு வெள்ளைக்கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. “ஏனுங்க, அஞ்சுமே கருப்பா நிக்குதுங்க, வைரஸ் ஏதாச்சும் பூந்துருச்சுங்களா?” என்று டிசைனராக இருக்கும் அம்மிணி என்னை அழைத்தார். ஐரோப்பிய பையருக்கு அன்று மதியத்துக்குள் போக வேண்டிய பிரிண்ட் ஆர்ட் ஒர்க் அவற்றில் ஒன்றுக்குள் இருந்தது. தம்பியைப் போனில் பிடித்தால், “அண்ணா, ஃபார்மட் அடிச்சு மறுபடி போட்டுரலாங்களா?” என்றார்.

ஃபார்மட் தேவைப்படவில்லை. கணினி கிளம்பும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தி, கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் திரை வந்துவிட்டது. காரணமும் எளிமையானதுதான். தனியுரிம டிரைவரின் ஒரு பகுதி கெர்னலுக்குள் போய் உட்கார்கிறது. கெர்னல் மாறினால் அந்தப் பகுதியும் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி மறுபடி உருவாக்கப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருந்தால் அது தானாக நடந்துவிடும். எங்கள் கணினிகளில் அந்த ஏற்பாடே இல்லாமல் நிறுவியிருந்தார்கள். இதில் கார்டைச் செய்தவர்களின் தவறு ஒன்றும் இல்லை. உபுண்டு தன் மென்பொருள் களஞ்சியத்திலேயே ஒவ்வொரு கெர்னலுக்கும் பொருந்துமாறு முன்கூட்டியே உருவாக்கிக் கையொப்பமிட்ட என்விடியா டிரைவரை வைத்திருக்கிறது. ‘கூடுதல் டிரைவர்கள்’ என்ற சாளரத்தைத் திறந்து ஒரு வட்டத்தைச் சொடுக்கினால் போதும். வெளியிலிருந்து கோப்பை இறக்கி நிறுவும் விண்டோஸ் காலத்துப் பழக்கத்தை லினக்ஸ் கணினியில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் அந்த இடத்தில் இருந்தும் தம்பியின் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கவில்லை என்பது என் பங்கு.

அன்று மாலை இன்னொரு சோதனையும் செய்தேன். தனியுரிம டிரைவரைக் கழற்றிவிட்டு, கெர்னலோடு கூடவே வரும் நோவோ என்ற திறமூல டிரைவரில் ஒரு கணினியை ஓட்டிப் பார்த்தேன். திரை வந்தது, படம் வரையும் இங்க்ஸ்கேப் ஓடியது, கெர்னலை இரண்டு முறை மாற்றியும் ஒன்றும் உடையவில்லை. ஆனால் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் சட்டை மாதிரியைத் திருப்பினால், அது சேற்றில் இறங்கிய மாட்டு வண்டிபோல அசைந்தது. இது நோவோவை எழுதியவர்களின் திறமைக் குறைவு அன்று. என்விடியா ஆவணம் எதையும் தராத காலத்தில், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே எழுதப்பட்டு, 2010-இல் வெளிவந்த 2.6.33 கெர்னலில் சேர்ந்த டிரைவர் அது. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, சிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி என்விடியாவின் கையொப்பம் உள்ள ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருளை, மட்டுமே ஏற்கும்படி ஆனது. அந்த ஃபர்ம்வேர் நோவோவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 900, 10 வரிசைக் கார்டுகள் நோவோவில் ஓடும்போது, கணினி கிளம்புகையில் இருக்கும் தொடக்க வேகத்திலேயே கடைசிவரை நிற்கின்றன.

சரி, தனியுரிம டிரைவரிலேயே இருந்துவிடலாம் என்றால் அங்கும் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா ஆகிய சிப் தலைமுறைகளுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி என்று என்விடியா 2025-இல் அறிவித்து, 590-இல் அவற்றைக் கைவிட்டுவிட்டது. எங்கள் 1050 டிஐ பாஸ்கல். 580 வரிசை பராமரிக்கப்படும் வரை அந்த ஐந்து கணினிகளும் ஓடும். அதற்குப்பின் ஒவ்வொரு புதிய கெர்னலும் எங்களுக்கு ஒரு கண்டம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் கைமாறுவதாக நான் காண்பது 1050 டிஐ, 1060, 1030 ஆகிய இந்தத் தலைமுறைக் கார்டுகளைத்தான் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சோமனூர்ப் பக்கம் பழைய சாதாத் தறியில் ஓர் உறுப்பு உடைந்தால், பக்கத்து லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி அன்று மாலையே தறியை ஓட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் வெளிநாட்டு நிட்டிங் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு போனால், கம்பெனி ஆள் வரும்வரை மெஷின் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. அந்த மாடலைக் கம்பெனியே கைவிட்டிருந்தால் இரும்பு விலைக்குத்தான் போகும். அதற்காக அந்த மெஷினை வாங்காமல் இருக்கிறோமா? ஓடுகிற நாளில் அது தரும் உற்பத்தி வேறு எதிலும் வராது என்பதால் கணக்குப் போட்டுத் தெரிந்தே வாங்குகிறோம். கிராஃபிக்ஸ் கார்டில் அந்தக் கணக்கைப் போட வாங்குபவருக்கு நாம் வாய்ப்புத் தருவதில்லை.

என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்டுகளுடைய கதை வேறு வழியில் போனது. 2006-இல் ஏடிஐ என்ற கிராஃபிக்ஸ் சிப் நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, அடுத்த ஆண்டிலிருந்து சிப்புகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015-இல் வந்த 4.2 கெர்னலில் ஏஎம்டிஜிபியு என்ற திறமூல டிரைவர் சேர்ந்தது. டிரைவரின் மற்றொரு பாதி, அதாவது படம் வரையும் பகுதி, பிரையன் பால் 1993-இல் தொடங்கிய மேசா திட்டத்திலிருந்து வருகிறது. இரண்டும் உபுண்டுவோடும் மின்ட்டோடும் கூடவே வருவதால், கடையில் தனியாக நிறுவுவதற்கு ஒன்றும் இல்லை. இதன் பலன் என்னவென்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜிசிஎன் என்ற கட்டமைப்பின் தொடக்கத் தலைமுறைகளை உடைய, 2012 காலத்து எச்டி 7000 வரிசை போன்ற கார்டுகளுக்கான விண்டோஸ் டிரைவரை ஏஎம்டி 2021-இலேயே பழைய கணக்கில் சேர்த்துவிட்டது. லினக்ஸிலோ, வால்வ் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்துக்காகப் பணிபுரியும் ஒரு பொறியாளர் உட்கார்ந்து குறைகளைச் சரிசெய்ததால், அதே கார்டுகள் 6.19 கெர்னலில் பழைய ரேடியான் டிரைவரிலிருந்து புதிய ஏஎம்டிஜிபியுவுக்கு மாறின. செய்த நிறுவனம் கைவிட்ட பொருளை வெளியாள் ஒருவர் எடுத்துப் பழுதுபார்க்க முடிந்தது என்றால், மூலநிரல் திறந்திருந்ததுதான் அதற்குக் காரணம். லேத்துப் பட்டறை என்று நான் சொன்னது இதைத்தான்.

திறமூலம் என்றதும் எல்லாமே திறந்திருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடவும் வேண்டாம். ஏஎம்டி கார்டும் கிளம்புவதற்கு மூலநிரல் தராத ஃபர்ம்வேர் கோப்புகள் வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை முதல் அத்தகைய கோப்புகள் நிறுவும் வட்டிலேயே வைக்கப்படுவதால் நமக்குத் தெரியாமல் வேலை நடக்கிறது, அவ்வளவே. அதேபோல், ஏஎம்டியின் திறமூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 என்ற திரை இணைப்புத் தரத்தைச் சேர்க்க முன்வந்ததை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ மன்றம் ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. 4கே திரையை 120 ஹெர்ட்ஸில் ஓட்ட விரும்புகிறவருக்கு ஏஎம்டி கார்டு விற்றால், டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பிறகு அவர் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களிடம் நிற்க நேராது.

“என்விடியாவும் இப்போ ஓப்பன் சோர்ஸ்தானுங்க” என்று ஒரு கடையில் சொன்னார்கள். பாதி உண்மை. 2022 மே மாதம் டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் என்விடியா திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2018-இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் அது பொருந்தும், ஏனென்றால் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற துணைச் சிப்பிடம் பாதி வேலையை ஒப்படைத்துவிடுகிறது. படம் வரைவதற்கான ஓபன்ஜிஎல், வல்கன், கணக்கீட்டுக்கான குடா ஆகியவற்றை நடத்தும் மேல்பகுதி இன்றும் மூடியே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அந்தத் திறந்த கெர்னல் பகுதியோடு மட்டுமே ஓடும். இதனால் நமக்குக் கிடைத்த நன்மை வேறு ஒன்று: நோவோவும் 6.7 கெர்னலிலிருந்து அதே ஜிஎஸ்பியைப் பயன்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டது. மேசாவில் என்விகே என்ற திறமூல வல்கன் டிரைவரும் வளர்ந்துவிட்டது. ஆகவே ஜிடிஎக்ஸ் 1650-உம் அதற்குப் பிந்தைய கார்டுகளும், என்றாவது ஒருநாள் நிறுவனம் கைவிட்டாலும், ஒரு மாற்று வழி உள்ள கார்டுகள். 1050 டிஐக்கும் 1650-க்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு இதுதான். விலைப்பட்டியலில் அது தெரியவே தெரியாது.

இனி, உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் ஜிடி 710, ஜிடி 730. எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர் சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று அதைப் போடுகிறீர்கள். அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் திரை வருவதற்கென்றே இந்தக் கார்டுகளில் ஒன்றைச் செருகுகிறீர்கள். ஜிடி 710 கெப்ளர் தலைமுறை. அதற்கான 470 வரிசை டிரைவருக்கு 2024-இல் ஆதரவு முடிந்தது. ஜிடி 730-இன் நிலை இன்னும் வேடிக்கை: அதே பெயரில் ஃபெர்மி சிப்போடும் வந்தது, கெப்ளர் சிப்போடும் வந்தது. ஃபெர்மிக்கான 390 வரிசை 2022-ஓடு முடிந்துவிட்டது. பெட்டியில் அச்சிட்ட பெயர் ஒன்றாகவே இருப்பதால், உள்ளே எது இருக்கிறது என்று விற்பவருக்கே தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் நோவோதான் பொருத்தம். கணக்கெழுத, மின்னஞ்சல் பார்க்க, முழு எச்டி திரையில் வேலை செய்ய அது தாராளமாகப் போதும். தயவுசெய்து பழைய தனியுரிம டிரைவரைத் தேடிப் பிடித்துத் திணிக்காதீர்கள்.

அதைவிட நல்ல வழி அந்தக் கார்டையே விற்காமல் இருப்பது. எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு கணினி அடிக்கடி உறைந்துபோய் நின்றுகொண்டிருந்தது. திறந்து பார்த்தால், பிராசசரிலேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தும் மேலே ஒரு ஜிடி 730 செருகியிருந்தது. கார்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, திரையின் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகினேன். அதன்பிறகு அந்தக் கணினியைப் பற்றி எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. இன்டெல் தன் கிராஃபிக்ஸுக்கான லினக்ஸ் டிரைவரைத் தானே திறமூலமாக எழுதி, கெர்னலிலேயே சேர்த்துவிடுகிறது. பில்லும் பார்கோடும் அடிக்கும் கணினிக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம். ஏஎம்டி பக்கம் போனால் 5600ஜி போன்ற, ஜி என்று முடியும் பிராசசர்கள் அதே வேலையைச் செய்யும். கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையுமே நம்பி ஓடுபவை என்பதால், துணிக்குப் பிரிண்ட் வரையும் பலருக்குக்கூட தனிக் கார்டு தேவையில்லை. கார்டுக்கான பணத்தில் ரேமை இரட்டிப்பாக்கிக் கொடுத்தால் அவர் உங்களை வாழ்த்துவார்.

தனியுரிம டிரைவரை மனமாரப் பரிந்துரைக்க வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே தயங்கக் கூடாது. ஈரோட்டில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறவர் டாவின்சி ரிசால்வ் போட வேண்டும் என்று வந்தால், அவருக்கு நோவோவைக் கொடுத்து அனுப்புவது பாவம். பிளெண்டரில் என்விடியா கார்டைக் கொண்டு சைக்கிள்ஸ் ரெண்டர் செய்கிறவருக்கும், கோயம்புத்தூர்க் கல்லூரிகளில் எந்திரக் கற்றல் திட்டம் செய்கிற மாணவருக்கும் குடா வேண்டும். குடா தனியுரிம டிரைவரோடு மட்டுமே வரும். அவர்களுக்கு டூரிங் அல்லது அதற்குப் பிந்தைய கார்டும், களஞ்சியத்திலிருந்து நிறுவிய டிரைவரும்தான் சரியான விற்பனை. கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டிகேஎம்எஸ் வழியாக நிறுவினால், மறுதொடக்கத்தின்போது ஒரு நீலத்திரை வந்து, நீங்கள் கொடுத்த கடவுச்சொல்லைக் கேட்கும். சில நொடிகள்தான் காத்திருக்கும். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்று அதைத் தாண்டிப் போய்விட்டால், டிரைவர் நிறுவியதாகவே கணக்கு இருக்கும், ஆனால் ஏறாது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. துண்டுக்கடியில் விரல் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கார்டுக்கும் பல் உண்டு. லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைக் ‘கே’ குறியோடு கொடுங்கள். என்விடியா என்றால் வணிகப் பெயருக்கு முன்னால் சிப்பின் குறியீடு வரும்: ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே என்றால் கெப்ளர், ஜிஎம் மேக்ஸ்வெல், ஜிபி பாஸ்கல், டியு என்றால் டூரிங். எங்கள் 1050 டிஐயில் ஜிபி107 என்று இருந்தது. வாங்கிய அன்றே அதைப் பார்த்திருந்தால் வேறு கார்டைக் கேட்டிருப்பேன். அதே பதிலின் கீழ்வரியில் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்பதும் தெரியும். மொத்தமாக இரண்டு நிமிட வேலை. கணினியைப் பொருத்தி முடித்தபின் அமைப்புகளின் ‘பற்றி’ பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால், கார்டு சும்மா இருக்கிறது, படம் முழுவதையும் பிராசசரே வரைகிறது என்று பொருள். அந்த நிலையில் கணினியை டெலிவரி கொடுக்காதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பில்லில் கார்டின் வணிகப் பெயரோடு சிப்பின் குறியீட்டையும் எழுதுங்கள். எந்த டிரைவரைப் போட்டிருக்கிறீர்கள், எங்கிருந்து நிறுவினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஆதரவு முடிந்த தலைமுறைக் கார்டை விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு விலை குறைத்து விற்றால், தெரிந்து வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நானே வாங்குவேன். “எந்தக் கார்டு வேணுங்க?” என்று தொடங்கும் பேச்சை “என்ன வேலைக்குங்க?” என்று தொடங்கினால், பாதிப் பேருக்குக் கார்டே விற்க வேண்டியிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அந்த இழப்பைச் சர்வீஸுக்கு அலையும் பெட்ரோல் செலவோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் எங்கள் பேக்கிங் பிரிவுக்கு ஆறு கணினிகள் வாங்க வேண்டியிருக்கிறது. கொட்டேஷன் கேட்டு உங்களில் சிலருக்கு எழுதுவேன். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி வரிகளுக்குக் கீழே ‘கிராஃபிக்ஸ் சிப், டிரைவர்’ என்று ஒரு வரி எழுதி வருகிற கொட்டேஷனை, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், முதலாளியின் மேசையில் முதலில் வைப்பேன்.

இப்படிக்கு,
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன்